தி. நகரில் ஒரு ஏரி இருந்தது!

"ஏரி எங்கே தம்பி?" என்று கேட்டேன்.

தாம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் முக்கால் மணி நேரம் குலுங்கிய பிறகு வருகிற ஒரு புது மனைப்பிரிவு. வாசலில் பெரிய வளைவு. அதில் 'லேக் வியூ' என்று ஆரம்பித்து நீளமாக ஒரு பெயர். உள்ளே செம்மண் ரோடு, வெள்ளையடித்த எல்லைக் கற்கள், இன்னும் வராத பார்க்குக்கு இப்போதே ஒரு போர்டு. கொளுத்துகிற வெயிலில் டை கட்டிக்கொண்டு நின்ற அந்த மார்க்கெட்டிங் தம்பி, கையை நீட்டி எங்களைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டார்.

"இதெல்லாம்தான் ஸார். இப்ப தண்ணியே வர்றதில்ல. நீங்க கவலைப்படாதீங்க!"

நான் பி.காம். படித்தவன். ஒரு தொகை இந்தப் பக்கம் காணாமல் போனால் அந்தப் பக்கம் எங்கேயாவது வந்தே தீரவேண்டும் என்று மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் பாருங்கள், கிழக்குப் பார்த்த அந்தக் கார்னர் மனை என் மனைவிக்குப் பிடித்துப் போய்விட்டது. "ஏங்க, எத்தனை நாளைக்குத்தான் ஹவுஸ் ஓனர் கிட்ட ஆணி அடிக்கப் பர்மிஷன் கேட்கறது?" என்றாள். நியாயம்தானே! ஐம்பதாயிரம் ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தோம். ரசீதில் 'திருப்பித் தரப்படும்' என்று இல்லை. 'தரப்படாது' என்றும் இல்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏரிக்குள்ளே பிளான் போட்டு ஓர் ஊரைக் கட்டினால் நூறு வருஷம் கழித்து என்னதான் ஆகும்? இதைத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. மின்சார ரயிலில் ஏறி மாம்பலத்தில் இறங்கினால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு இறங்கினேன்.

* * *

தி. நகரைப் பார்க்கவேண்டுமென்றால் இந்த நேரத்துக்குத்தான் போகவேண்டும். மற்ற நேரத்தில் எதிரே நடப்பவரின் முதுகைத்தான் பார்க்கலாம். ரங்கநாதன் தெருவில் ஷட்டர்கள் இறங்கியிருந்தன. ஒரு டீக்கடை, இரண்டு நாய், மூட்டை மூட்டையாக நேற்றைய அட்டைப்பெட்டிகள். தெரு இவ்வளவு அகலமா என்று ஆச்சரியமாக இருந்தது. நான் 2010-ல் ஊரிலிருந்து வந்து முதல் தீபாவளிக்கு இதே தெருவில் நுழைந்து, நானாக நடக்காமலே மறுமுனையில் உஸ்மான் ரோட்டில் போய் வெளிப்பட்டவன்! இப்போது ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆகாய நடைபாலம் ஒன்று 2023-ல் வந்துவிட்டது. அதன்மேல் நின்று கீழே ஜனங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம்.

உஸ்மான் ரோட்டில் வடக்கே நடந்து பனகல் பார்க் அருகே நின்று ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். கிழக்கே தியாகராய ரோடு, வடகிழக்கே ஜி.என். செட்டி ரோடு, தென்கிழக்கே வெங்கட்நாராயணா ரோடு, மேற்கே துரைசாமி ரோடு, வடக்கும் தெற்குமாக உஸ்மான் ரோடு. சக்கரத்தின் குடத்திலிருந்து ஆரக்கால் கிளம்புகிற மாதிரி. இது தானாக வளர்ந்த ஊர் இல்லை ஸார். மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் தானாக வளர்ந்தவை; கோயிலைச் சுற்றித் தெரு, தெருவைச் சுற்றிச் சந்து. தி. நகரை யாரோ மேஜையில் காகிதத்தை விரித்து, ஸ்கேல் வைத்து, நிதானமாகப் போட்டிருக்கிறார்கள். வெறும் பொட்டலாக இருந்தால்தான் அப்படிப் போட முடியும்.

பொட்டல் எங்கிருந்து வந்தது? அங்கேதான் ஏரி வருகிறது.

நுங்கம்பாக்கத்தில் ஆரம்பித்து சைதாப்பேட்டை வரைக்கும், மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, வில் மாதிரி வளைந்து கிடந்தது ஒரு நீளமான ஏரி. வெள்ளைக்காரர்கள் அதற்கு 'லாங் டாங்க்' என்று பெயர் வைத்து, அதில் படகுப் போட்டி கூட நடத்தியிருக்கிறார்கள். பாண்டி பஜாரில் துடுப்பு போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. 2015-க்குப் பிறகு எனக்கு அவ்வளவாக வருவதில்லை. அந்தக் கதை பின்னால்.

* * *

இதில் ஒரு எம்டன் கதையும் இருக்கிறது.

ஸ்காட்லாந்தில் பேட்ரிக் கெட்டிஸ் என்று ஒருவர். படித்தது உயிரியல், பிடித்தது ஊர் கட்டுவது. அவரை சென்னைக்கு வரச் சொன்னவர் அப்போதைய கவர்னர் பென்ட்லண்ட் பிரபு. நகரங்களை எப்படித் திட்டமிடுவது என்று வரைபடம், படம், மாதிரிகளோடு ஒரு பெரிய கண்காட்சி வைத்திருந்தார் கெட்டிஸ். அதை மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். நடுவில் முதல் உலக யுத்தம் வந்துவிட்டது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னை மீது குண்டு போட்டுவிட்டுப் போன அதே ஜெர்மன் கப்பல் எம்டன், அடுத்த மாதம் கெட்டிஸின் கண்காட்சி வந்த கப்பலையும் மூழ்கடித்தது. நம்ம ஊரில் சாமர்த்தியக்காரனை 'அவன் பெரிய எம்டன்டா' என்பார்களே, அந்த எம்டன்தான்!

கெட்டிஸ் அசரவில்லை. நண்பர்கள் அவசரமாக வேறு படங்கள் சேர்த்து அனுப்ப, 1915-ல் சென்னையில் கண்காட்சி நடந்தது. பிறகு ஊர் ஊராகச் சுற்றி அறிக்கைகள் எழுதினார். இந்தியாவில் அவர் மறுபடி மறுபடி சொன்ன ஒரு விஷயம்: ஏரி, குளங்களைத் தூர்க்காதீர்கள். அவை ஊரைக் குளிர்ச்சியாக வைக்கின்றன, மழை வெள்ளத்தை வாங்கிக்கொள்கின்றன. கொசுத் தொல்லையா, மீன் விடுங்கள், வாத்து விடுங்கள். இந்த ரீதியில்.

நம்மவர்கள் என்ன செய்தார்கள்? மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். லான்செஸ்டர் என்ற இன்னொரு ஆங்கிலேய நிபுணர் சென்னை மாகாணத்தின் நகர அமைப்பு பற்றி 1918-ல் ஒரு புத்தகமே எழுதினார். 1920-ல் சென்னை நகரத் திட்டச் சட்டம் வந்தது. அதே வருஷக் கடைசியில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. 1921 கணக்குப்படி சென்னை ஜனத்தொகை 5 லட்சத்துச் சொச்சம். இன்றைக்கு நமக்கு அது ஒரு தொகுதி. அன்றைக்கு ஜார்ஜ் டவுனில் மூச்சு முட்டியது. குமாஸ்தாவும் வக்கீலும் உத்தியோகஸ்தரும் காற்றோட்டமாகக் குடியிருக்க இடம் வேண்டும். ஊருக்குப் பக்கத்தில் அவ்வளவு பெரிய இடம் எங்கே இருக்கிறது?

ஏரியில் இருக்கிறது!

1923 வாக்கில் வேலை ஆரம்பித்தது. ஏரித் தண்ணீரை வடியவிட்டு, நிலத்தை எடுத்து, ரோடு போட்டு மனை பிரித்தார்கள். ஏரியில் போனது சுமார் 1,600 ஏக்கர் என்று கணக்குச் சொல்கிறார்கள். இதை ஏதோ கள்ளத்தனமாகச் செய்த ஆக்கிரமிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். சட்டம், திட்டம், அனுமதி எல்லாம் சுத்தம். நோக்கமும் நல்லது. சாதாரண மத்தியதர வர்க்கத்துக்கு அகலத் தெரு, மரம், விளையாடப் பூங்கா, பள்ளிக்கூடம், கடைத்தெரு எல்லாம் வைத்துக் கட்டிய ஊர். எனக்கு அந்த பிளான் போட்டவர் மேல் இன்றைக்கும் மரியாதைதான்.

1931-ல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததும் மாம்பலத்துக்கு வந்தது மவுசு. அதற்கு முன்னால் 'அத்தனை தூரத்தில் எவன் போய்க் குடியிருப்பான், நரி ஊளையிடும்' என்று சொல்வார்களாம். தாம்பரம் தாண்டி மனை பார்க்கப் போகிறேன் என்றதும் என் மாமனார் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். நரிக்குப் பதில் நாய்.

* * *

பெயர்களைக் கவனியுங்கள். ஊருக்குப் பெயர் சர் பிட்டி தியாகராயர். நீதிக்கட்சியை 1916-ல் ஆரம்பித்த மூவரில் ஒருவர். சென்னை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர். முதல் மந்திரி பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றவர். (இந்த வரியை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.) இன்னொருவர் டாக்டர் நடேச முதலியார், வெங்கட்நாராயணா ரோட்டில் அவர் பெயரில் நடேசன் பார்க். மூன்றாமவர் டாக்டர் டி.எம். நாயர்; அவருக்கு ஒரு ரோடு. 1921 முதல் 1926 வரை பிரதம மந்திரியாக இருந்த பனகல் ராஜாவுக்கு நடுமத்தியில் பூங்கா. இப்படி ஒரு கட்சியின் ஆபீஸ் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்தரையே தெருவில் மாட்டியிருக்கிறார்கள்.

எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பட்டங்களை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. ஆனால் பெயின்ட் டப்பாவோடு போனவர் கடமை தவறாதவராக இருந்திருக்க வேண்டும். 'டாக்டர் நாயர் ரோடு' பலகையில் நாயரை அழித்துவிட, 'டாக்டர் ரோடு' என்று நின்றதாம். எந்த டாக்டர், என்ன ஸ்பெஷலிஸ்ட் என்று வெளியூர்க்காரர்கள் குழம்பியிருப்பார்கள்.

பாண்டி பஜார் என்றால் பாண்டிச்சேரிக்காரர் கடை என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயர். ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களைப் பஸ்ஸில் ஏற்ற மறுக்கக் கூடாது என்று பஸ் முதலாளிகளுக்கு உத்தரவு போட்ட மனிதர். அவர் பெயரில்தான் நாம் இருபது ரூபாய்க்கு ஹேர்கிளிப் பேரம் பேசிக்கொண்டிருந்தோம். 2019-ல் அங்கே அகலமான நடைபாதை போட்டு வளாகம் ஆக்கினார்கள். உட்கார நிஜமாகவே பெஞ்சு இருக்கிறது. உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகவே இருக்கிறது.

தியாகராயர் நெசவுத் தொழிற்கூடம் வைத்திருந்தவர். அவர் பெயரில் அமைந்த ஊர், இன்றைக்குத் தமிழ்நாட்டின் கல்யாணப் புடவையெல்லாம் எடுக்கிற ஊராகிவிட்டது. பிளான் போட்டவருக்கு இது தெரியாது. அவர் போட்டது குடியிருக்கும் ஊர். ஆனால் அகல ரோடு, நடுவில் பூங்கா, பக்கத்தில் ரயில் என்று இருந்தால் வியாபாரி சும்மா இருப்பாரா? முதலில் ஒரு ஜவுளிக்கடை, அப்புறம் ஒரு நகைக்கடை, அப்புறம் ஒரு பாத்திரக்கடை. குடியிருந்தவர்கள் மாடிக்குப் போனார்கள். பிறகு மாடியையும் விற்றுவிட்டு வேளச்சேரிக்குப் போனார்கள். நல்ல பிளானே அந்த ஊருக்கு எமனாக வந்தது. 2017 மே 31-ல் உஸ்மான் ரோட்டில் ஒரு பெரிய ஜவுளிக்கடை பற்றி எரிந்ததே, நினைவிருக்கிறதா? கடைசியில் கட்டடத்தையே இடித்துத் தள்ளினார்கள்.

* * *

எட்டு மணிக்கு ஆடிட்டர் ஸார் வீட்டுக்குப் போனேன். பி.காம். முடித்து நான் முதலில் வேலை பார்த்தது இவரிடம்தான். தெருப் பெயர் வேண்டாம். அவர் அப்பா முப்பதுகளில் இந்த மனையை வாங்கினார். வாங்கிய விலையைச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் கெடும், விட்டுவிடுகிறேன்.

2015 டிசம்பர் முதல் வாரம் எங்கள் ஆபீஸ் அவர் வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. ராத்திரி தண்ணீர் வந்தது. மேலே இருந்து கொட்டி வரவில்லை ஸார். தரையிலிருந்து, சத்தமில்லாமல், வாசற்படிக்கு ஏற்கெனவே வழி தெரிந்த மாதிரி வந்தது. காலையில் நான் போனபோது முழங்காலளவு. பீரோவின் கீழ்த்தட்டு இரண்டும் போச்சு. பதினாறு கம்பெனிகளின் வவுச்சர்கள். அடுத்த ஒரு வாரம் நானும் இன்னும் மூன்று பேரும் மொட்டை மாடியில் கொடி கட்டி, வவுச்சர்களை அப்பளம் மாதிரி காயவைத்தோம். இங்க் கரைந்து எல்லாத் தொகையும் நீலமாகிவிட்டது. அந்த வருஷம் பேலன்ஸ் ஷீட்டை எப்படி முடித்தோம் என்பது எங்களுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

அப்போது ஸார் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "தண்ணிக்கு ஞாபகசக்தி ஜாஸ்திப்பா. பழைய விலாசத்துக்குத்தான் வரும்."

2021 நவம்பரில் மறுபடி வந்தது. ஜி.என். செட்டி ரோடு, துரைசாமி சப்வே எல்லாம் தெப்பக்குளம். தண்ணீர் வடிய வேண்டியது மாம்பலம் கால்வாய் வழியாக, தி. நகரின் குறுக்கே ஓடி அடையாற்றில் சேர்கிற கால்வாய். அழகுபடுத்துகிற வேலை நடந்ததில் கட்டட இடிபாடுகள் கிடந்து அது அடைபட்டுவிட்டது என்று பேப்பரில் போட்டார்கள். 1,600 ஏக்கர் ஏரி வாங்கிக்கொண்ட தண்ணீர், இப்போது ஒரு கால்வாய்க்குள் ஒழுங்காக வரிசையில் நின்று போகவேண்டும் என்கிறோம். நம்மால் ரேஷன் கடையில் நிற்க முடிகிறதா?

ஆடிட்டர் ஸார் இப்போது பழைய வீட்டை பில்டரிடம் கொடுத்துவிட்டு, அதே இடத்தில் கட்டிய ஃபிளாட்டில் இரண்டாவது மாடியில் இருக்கிறார். காபி கொடுத்தார். மனைப்பிரிவின் வரைபடத்தை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"அப்ரூவல் நம்பர் சரியா?"

"சரி பார்த்துட்டேன் ஸார்."

"வில்லங்கம்?"

"சுத்தம் ஸார்."

"அப்போ சட்டப்படி ஒண்ணும் தப்பில்லை." கண்ணாடியைக் கழற்றினார். "எங்கப்பாவுக்கும் பேப்பர் எல்லாம் சரியாத்தான் இருந்தது. நீ தாலுகா ஆபீஸ் போய் பழைய எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் கேளு. பக்கத்து சர்வே நம்பர் என்னன்னு பாரு. 'ஏரி'ன்னு இருக்கா, 'ஏரி உள்வாய்'னு இருக்கான்னு பாரு. ஆவணி ஐப்பசியில ஒரு நாள் மழையில போய் அங்க நில்லு. அப்புறம் வாங்கு."

"உங்க ஃபிளாட்ல கீழ்த்தளம் யாருக்கு ஸார் கொடுத்திருக்கீங்க?"

"கார் பார்க்கிங் மட்டும்தான். ஏரிக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கேன்" என்றார். சிரிக்கவில்லை.

* * *

திரும்பும்போது ரயில் பாதையைத் தாண்டி மேற்கு மாம்பலம் போனேன். அங்கே லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. ஒரு மருந்துக் கடை, ஒரு மெஸ், வரிசையாக ஸ்கூட்டர்கள். எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் எதிர் ஃபிளாட்டின் பால்கனியில் காயும் வேஷ்டிதான் வியூ. நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்ட் ரோடு இருக்கிறது. கரை மட்டும், ஏரி இல்லை. அதே ஏரியில் மிச்சம் இருந்த தண்ணீரையும் எழுபதுகளில் மூடி, 1976-ல் வள்ளுவர் கோட்டம் கட்டினார்கள். நீரின்றி உலகம் அமையாது என்று சொன்ன மனிதருக்கு!

அடுத்த வாரம் லீவு போட்டுத் தாலுகா ஆபீஸ் போனேன். அரை நாள் ஆயிற்று. எங்கள் மனை இருக்கும் சர்வே நம்பர் பட்டா நிலம்தான். எதிர்ப்புறம், மண் ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு பெரிய சர்வே நம்பர். ஸ்கெட்சில் இரண்டே எழுத்து: ஏரி.

மார்க்கெட்டிங் தம்பிக்குப் போன் செய்தேன். "தம்பி, எதிர்ல இருக்கிற இடத்துல என்ன வரப் போகுது?"

"அதை ஏன் ஸார் கேக்கறீங்க, சூப்பரா வருது. ஃபேஸ் டூ!"

மனைவியிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாள். 2015-ல் அவள் சைதாப்பேட்டையில் ஹாஸ்டலில் இருந்தவள். "அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்க" என்றாள்.

கேட்டேன். முப்பதாயிரம் வந்துவிட்டது. மீதி இருபதாயிரம் 'பிராசஸிங்'கில் இருக்கிறதாம். ஹவுஸ் ஓனரிடம் நேற்று ஒரு ஆணிக்குப் பர்மிஷன் வாங்கியிருக்கிறேன், காலண்டர் மாட்ட.